வடிவான உடுப்பு: மூடிய கழுத்து, நீண்ட கை, நல்ல வெட்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில், வீட்டு முன்னறையில் 22 வருடமாகத் தைத்து வருகிறேன். சாறிச் சட்டை, கலியாண உடுப்பு, தேவாலயக் கவுண் என்று எல்லாம் இந்த ஒரு மேசையில்தான் வெட்டுப்படும். இப்போது வருகிற பிள்ளைகளில் நிறையப் பேர் கைபேசியில் ஒரே மாதிரிப் படத்தைக் காட்டுகிறார்கள். பரிஸிலோ ரோமிலோ மேடையில் ஒருத்தி நடந்து வருகிறாள். கழுத்து மூடியிருக்கிறது, கை மணிக்கட்டு வரை வருகிறது, மெல்லிய பாவாடை நிலத்தைத் தடவிக்கொண்டு போகிறது. "அக்கா, இது எங்கள் ஊருக்குச் சரிவருமா?" என்று கேட்கிறார்கள். அதோடு சேர்ந்து வருகிற கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அடக்கமான உடுப்பு என்றால் உடம்பை மூடுகிற உடுப்பு, அவ்வளவுதானே?

மூடுவது அதில் ஒரு பங்குதான். யாழ்ப்பாணத்தில் அழகு என்ற சொல்லை எழுதும்போதுதான் பாவிப்போம். வாயில் வருவது "வடிவு". பிள்ளை வடிவாக இருக்கிறாள், சாறி வடிவாக இருக்கிறது என்போம். வடிவு என்றால் உருவம், அமைப்பு என்றும் பொருள். தைக்கிற எனக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. தோள் தையல் தோள் எலும்பின் மேல் விழுகிறதா, இடுப்புக் கோடு இடுப்பில் நிற்கிறதா, கையை உயர்த்தினால் முழுச் சட்டையும் கூடவே ஏறுகிறதா, இவைதான் வடிவைத் தீர்மானிக்கின்றன.

கழுத்து வரை மூடிய சட்டையாக இருந்தாலும், மார்பின் குறுக்கே தெறிகள் இழுபட்டுக்கொண்டு நின்றால் பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும். போட்டவளுக்கும் அது தெரியும். அன்று முழுக்கக் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டே இருப்பாள். அதனால் நான் அளவு பார்க்க வருகிறவர்களை உடுப்போடு பத்து நிமிடம் சும்மா இருந்து கதைக்கச் சொல்வேன். அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் கை எத்தனை தரம் உடுப்பை இழுத்துவிடப் போகிறது என்று பார்ப்பேன். ஒரு தரமும் போகவில்லை என்றால் என் வேலை முடிந்தது.

ரொமான்ரிக் ஸ்டைல் என்று சொல்கிறார்களே, அது என்ன?

ஐரோப்பாவில் 1820களிலும் 30களிலும் பெண்கள் உடுத்திய உடுப்பில் இருந்து வருகிற சாயல். தோளில் பெரிதாகப் பொம்மி முழங்கைக்குக் கீழே ஒடுங்கும் கை, சின்ன இடுப்பு, சுருக்கு வைத்த அகலப் பாவாடை, லேஸ், நாடா முடிச்சு, பூ வேலை. இன்று வடிவமைப்பாளர்கள் அதில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்து மெல்லிய துணியில் செய்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பொம்மிய கை வேண்டும் என்றால் கழுத்தை வெறுமையாக விடுங்கள். கழுத்தில் லேஸ் வைத்தால் கை அமைதியாக இருக்கட்டும். இரண்டும் ஒரே சட்டையில் வந்தால் ஒன்றும் கண்ணில் நிற்காது.

உலகப் பெரிய பேஷன் நிறுவனங்கள் உண்மையில் இப்படிச் செய்கின்றனவா, அல்லது எங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் நாங்கள் பார்க்கிறோமா?

செய்கின்றன. வலன்ரீனோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் மரியா கிறாட்சியா கியூரி, பியர்பாவ்லோ பிச்சியோலி என்ற இருவர் ரோமில் இருக்கும் அந்த நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார்கள். மற்ற மேடைகளில் முதுகும் தொடையும் தெரிய உடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் கழுத்தில் சின்னக் கொலர் வைத்து, கையை முழுதாக நீட்டி, கணுக்காலையும் மறைக்கும் கவுண்களைக் கொண்டுவந்தார்கள். பழைய இத்தாலிய ஓவியங்களில் நிற்கிற பெண்களைப் போல இருக்கும். உடம்பை ஒட்டாது, ஆனால் நடக்கும்போது உள்ளே ஒரு ஆள் நடக்கிறாள் என்பது துணியின் அசைவில் தெரியும். அந்த அசைவுக்காகத்தான் நான் அவர்களுடைய காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

2016இல் கியூரி பரிஸில் இருக்கும் டியோர் நிறுவனத்துக்குப் போனார், பிச்சியோலி 2024 வரை வலன்ரீனோவிலேயே இருந்தார். காட்சி முடிந்து கும்பிட வரும்போது தையற்கூடத்தில் வெள்ளைக் கோட்டோடு வேலை செய்கிறவர்களையும் மேடைக்கு அழைத்துவருவார். அதைப் பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் தொழிலில் பெயர் வெளியே வருவதில்லை.

அதற்கு முன்னும் உண்டு. 1947 பெப்ரவரி 12இல் அந்த டியோர் நிறுவனத்தைத் தொடங்கிய கிறிஸ்ரியன் டியோர் காட்டிய முதல் தொகுப்பைப் பேஷன் உலகம் "நியூ லுக்" என்று அழைத்தது. போர்க்காலத்தில் முழங்கால் மட்டில் நின்ற இறுக்கமான பாவாடைக்குப் பதிலாக, கெண்டைக்காலுக்கும் கீழே இறங்கி விரிந்த பாவாடை. அந்தத் தொகுப்பில் ஒரு வரிசைக்குப் பூவிதழ் வட்டம் என்று பொருள்படும் பெயரை வைத்தார். போர் முடிந்தும் துணித் தட்டுப்பாடு தீராத நேரம் என்பதால் ஏச்சும் வாங்கினார். இங்கிலாந்தில் உடுப்புப் பங்கீடு 1949 வரை இருந்தது. அகலப் பாவாடை என்பது அன்று வளத்தின் அடையாளம்.

ஹோட் குட்டூர் என்றால் விலை கூடிய உடுப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

விலை கூடியதுதான், ஆனால் அந்தச் சொல்லை எல்லோரும் பாவிக்க முடியாது. பிரான்சில் 1945இல் இருந்து அது சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர். பரிஸில் சொந்தத் தையற்கூடம் இருக்க வேண்டும், வாடிக்கையாளரின் அளவுக்குத் தைக்க வேண்டும், ஆண்டுக்கு இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும், புதிய தொகுப்புக் காட்ட வேண்டும். 1858இல் பரிஸில் கடை திறந்த சார்ள்ஸ் வேர்த் என்ற ஆங்கிலேயர் இந்த முறையைத் தொடக்கிவைத்தவர்.

விலைக்குக் காரணம் கை வேலை. அதில் பெரும்பங்கு எங்களுக்குப் பக்கத்தில் நடக்கிறது என்பதை நிறையப் பேர் அறிவதில்லை. டியோருக்கு எம்பிராய்டரி செய்கிற கூடங்களில் ஒன்று மும்பையில் உள்ள சாணக்யா. 2023 மார்ச்சில் டியோர் தன் காட்சியையே மும்பையில், கேட்வே ஒஃப் இந்தியாவின் முன்னால் வைத்தது. 2020 ஜனவரியில் ராகுல் மிஸ்ரா பரிஸ் ஹோட் குட்டூர் வாரத்தில் தொகுப்புக் காட்டிய முதல் இந்திய வடிவமைப்பாளர் ஆனார். கலியாணச் சட்டைக்கு இன்று யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் சட்டகத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஆரி வேலை செய்கிறார்களே, அதே ஊசி, அதே முறைதான். எங்கள் கையால் முடியாத வேலை ஒன்றும் அங்கே நடக்கவில்லை. அவர்களிடம் இருப்பது நேரமும், அந்த நேரத்துக்குக் காசு கொடுக்கிற ஆளும்.

சரி, இந்த வெக்கையில் மணிக்கட்டு வரை கை வைத்தால் மயங்கி விழ மாட்டோமா?

துணி பிழையாக இருந்தால் கையில்லாத சட்டையிலும் அவிந்துபோவீர்கள். இங்கேதான் காசும் கவனமும் போக வேண்டும், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, உடலுக்கு மட்டும் உள்துணி வையுங்கள், கைக்கு வேண்டாம். வொயில், மெல்லிய ஜோர்ஜெற், பட்டு ஓர்கன்சா போன்ற துணியில் கையை ஒற்றையாக விட்டால் தோல் மங்கலாகத்தான் தெரியும், காற்றும் போய்வரும். மேடைகளில் நீங்கள் பார்க்கிற நீண்ட கைகளில் பாதி இப்படித்தான்.

இரண்டாவது, உள்துணி பருத்தியாக இருக்க வேண்டும். வெளித்துணி எவ்வளவு விலை என்றாலும், உள்ளே பொலியெஸ்ரர் வைத்தால் வியர்வை போக வழி இல்லை. உள்துணியை வெட்டமுன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட வேண்டும். தொடக்க காலத்தில் அவசரத்தில் நான் அதைச் செய்யவில்லை. தேவாலயத்துக்குப் போட ஒருவர் தைப்பித்த கிறேப் கவுணை முதல் தரம் தோய்த்தபோது உள்துணி சுருங்கி, வெளியே முழுக்க அலை அலையாய்ப் போய், கீழ்மடிப்பும் ஏறிவிட்டது. முழுதாகப் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஊறாத துணி என் கத்தரிக்கோலுக்குக் கீழே வருவதில்லை.

மூன்றாவது, கக்கம். கை நீளமாக இருந்தால் கக்கத்தில் இறுக்கம் உடனே தெரியும். அந்த இடத்தில் சின்னச் சாய்சதுரத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் கையை முழுதாக உயர்த்தலாம், துணியும் கிழியாது. பழைய காலத்துச் சட்டைகளில் இது இருந்தது. இப்போது நேரம் எடுக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

கடையில் பட்டு என்று சொல்லிக் கொடுத்தால் ஓரத்தில் இரண்டு நூலை உருவி, கவனமாக, நெருப்பில் காட்டிப் பாருங்கள். பட்டு மயிர் எரிகிற மணத்தோடு எரிந்து, விரலால் நசித்தால் பொடியாகும் சாம்பலை விடும். பொலியெஸ்ரர் உருகி, கறுத்து, கல்லுப்போல் ஒரு மணியாகும்.

காற்றுக்குத் துணி பறக்காதா? நல்லூர்த் திருவிழா நேரம் சாறியைப் பிடிக்கவே இரண்டு கை போதாது.

நல்லூரின் 25 நாள் திருவிழா சோளகக் காற்றுக் காலத்தில்தானே வருகிறது. மணலோடு வீசும். மெல்லிய துணியைக் கீழே இருந்து பாரம் கொடுத்துத்தான் அடக்க வேண்டும். சனெல் நிறுவனத்தின் ஜக்கெற்றுகளில் உள்மடிப்பின் ஓரமாக மெல்லிய சங்கிலி ஒன்று தைத்திருக்கும். துணி நேராக விழ அதுதான் காரணம். சாறிக்கு ஃபோல் தைக்கிறோமே, நோக்கம் அதுதான். கவுணுக்கும் கீழ்மடிப்பை இரண்டு அங்குலம் அகலமாக வைத்தால் அந்தப் பாரமே போதும். சாறித் தலைப்பை ஒற்றையாகப் பறக்க விடாமல் மடித்துத் தோளில் குத்துங்கள்.

விரிந்த பாவாடைக்கு எவ்வளவு துணி வாங்க வேண்டும்?

முழு வட்டப் பாவாடைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். இடுப்பு 26 அங்குலம் என்றால் அதை 6.28ஆல் பிரித்தால் 4 அங்குலத்துக்குச் சற்றுக் கூட வரும். அது நடுவட்டத்தின் ஆரை. பாவாடை நீளம் 40 அங்குலம் என்றால் இரண்டையும் கூட்ட 44 அங்குலம். 45 அங்குல அகலத் துணியில் இரண்டு அரை வட்டமாக வெட்டலாம்; ஒவ்வொன்றுக்கும் 88 அங்குல நீளம் போகும். மொத்தம் ஏறக்குறைய நாலரை மீற்றர். நான் கால் மீற்றர் கூட வாங்கச் சொல்வேன். கீழ் விளிம்பு மட்டும் 7 மீற்றர் வரும், அதை ஓரமாக மடித்துத் தைக்கிற கூலியையும் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த அகல வட்டத்தில் இரண்டு அங்குல மடிப்பு மடங்காது. அரை அங்குலம் மடித்து, பாரம் வேண்டுமென்றால் நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டிய நாடா வைக்க வேண்டும்.

இன்னொன்று. வட்டமாக வெட்டிய துணி சில இடத்தில் நூலோட்டத்துக்குச் சாய்வாக நிற்பதால் தொங்கத் தொங்க அங்கே மட்டும் நீளும். வெட்டி இடுப்பில் பொருத்தியதும் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, பிறகுதான் கீழே மட்டம் பார்க்க வேண்டும். நாளைக்கே வேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு நான் வட்டப் பாவாடை தைத்துக் கொடுப்பதில்லை.

கவுண் எல்லாம் எங்களுக்குப் பழக்கம் இல்லை. சாறியில் இந்த அழகைக் கொண்டுவர முடியாதா?

முடியும், அது சாறியின் சொந்த அழகும்தான். கை முழங்கை வரை, கழுத்துப் படகு வடிவில், முதுகு மூடி, வெட்டு மட்டும் சுத்தமாக இருக்கும் பருத்திச் சட்டை. அதோடு கரை மட்டும் உள்ள வெறும் சாறி. அம்மம்மாக்களின் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள், கையின் ஓரத்தில் ஒரு விரல் அகல லேஸ், சின்னப் பொம்மல், அவ்வளவுதான் இருக்கும். உடுவிலில் 1824இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை போன்ற இடங்களில் படிப்போடு ஊசி வேலையும் இந்த மண்ணில் பரவியது. அந்தக் கை நேர்த்தி அந்தச் சட்டைகளில் தெரிகிறது.

ஆனால் அந்தப் பழைய படங்களில் யார் இல்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். இதே யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை போடுவதை ஆதிக்க சாதியினர் இருபதாம் நூற்றாண்டு வரை தடுத்தார்கள். அவர்களுக்குக் குறுக்குக்கட்டுத்தான் விதி. கடலுக்கு அக்கரையில், திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் தோளை மறைக்கும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடி வாங்கிப் போராடி 1859இல்தான் அரச அனுமதி பெற்றார்கள். ஆகவே "அந்தக் காலத்துப் பெண்கள் எவ்வளவு அடக்கம்" என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்கு மனம் ஒப்பாது. உடம்பை மறைக்க விரும்பிய பெண்ணை மறைக்க விடாத ஊர் இது. எதை மூடுவது, எவ்வளவு மூடுவது என்பதை உடுத்துகிறவள் சொல்ல வேண்டும். அம்மா, மாமி, வரப்போகிற மாப்பிள்ளை யார் வந்து நின்றாலும் அளவு எடுக்கும்போது நான் அவளிடம்தான் கேட்பேன்.

கலியாணத்துக்கு என்ன செய்யலாம்? இரண்டு சாறி, ஒரு வரவேற்பு உடுப்பு என்று மூன்று வருகிறது.

முதலில் உடுத்து வருகிற சாறி, பிறகு மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கிற கூறை. இந்த இரண்டில் கூறைக்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். பழந்தமிழில் கூறை என்றாலே உடை. மயிலாடுதுறையில் கூறைநாடு என்று அந்தப் புடவைக்குப் பேர்போன ஓர் இடமே உண்டு. கூறையில் சரிகை நிறைய இருக்கும், ஆகவே சட்டையில் கல்லும் மணியும் குவிக்காதீர்கள். கையின் விளிம்பில் ஒரு வரி ஆரி வேலை போதும்.

கழுத்து வெட்டைத் தாலிக்கொடியை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும், இது நிறையப் பேர் மறக்கிற விஷயம். எங்கள் கொடி பாரமானது, நெஞ்சு வரை இறங்கும். வட்டக் கழுத்தை மேலே வைத்தால் கொடி முழுக்கத் துணியின் மேல் கிடக்கும், படத்தில் நன்றாக எடுபடும். அதன் மேல் அட்டியலும் போடுவதென்றால் கழுத்தைச் சற்று இறக்கி, அட்டியல் தோலிலும் கொடி துணியிலும் வருமாறு செய்வேன். ஆனால் ஓட்டை ஓட்டையான லேஸ் சட்டையில் கொடி கொளுவி இழுபடும்.

அடுத்தது, கீழே உட்கார்ந்து இருப்பது. சில வருடத்துக்கு முன் ஒரு மணப்பெண்ணுக்கு அவள் கேட்டபடியே கல் வைத்த பாரமான நெற் பாவாடை தைத்தேன். நின்று பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஓமத்தீக்கு முன்னால் மணவறையில் உட்கார்ந்திருக்கும்போது கல்லெல்லாம் காலில் குத்தி, அவள் ஒரு மணி நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்ததை நான் பார்த்தேன். கேட்டதைத் தைத்தேன் என்று என்னால் மனதை ஆற்ற முடியவில்லை. இருக்கிற இடத்தில் கல் வரக்கூடாது என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது கலியாண உடுப்பு எதையும் பாயில் இருத்திப் பார்க்காமல் கொடுப்பதில்லை.

மூன்றாவது உடுப்புக்குத்தான் நீங்கள் காட்டுகிற கவுண் பொருந்தும். மண்டபத்தில் குளிரூட்டி இருக்கும், நிற்பதும் நடப்பதும்தான் வேலை.

தேவாலயத்தில் கலியாணம். வெள்ளைக் கவுணில் லேஸ் கை வைத்தால் பழைய பாணி போல் இருக்காதா?

1956இல் மொனாக்கோவில் நடிகை கிறேஸ் கெலி தன் கலியாணத்துக்கு உடுத்த கவுணுக்கு உயர்ந்த கழுத்து, நீண்ட லேஸ் கை. ஹெலன் றோஸ் வடிவமைத்தது. 2011 ஏப்ரல் 29இல் இங்கிலாந்து இளவரசர் வில்லியமைக் கலியாணம் செய்த கேற் மிடில்ரன் உடுத்ததற்கும் நீண்ட லேஸ் கைதான், அலெக்சாண்டர் மக்குயீன் நிறுவனத்தில் சேரா பேர்ட்டன் செய்தது. இடையில் 55 வருடம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது பழசு என்று சொல்வது கடினம்.

கேற்றின் கவுணில் லேஸ் பூக்களை நெற்றின் மேல் பதித்துத் தைத்தவர்கள் அரை மணிக்கு ஒரு தரம் கை கழுவினார்கள், மூன்று மணிக்கு ஒரு தரம் ஊசி மாற்றினார்கள். இதை வாசித்த பிறகு நானும் வெள்ளைத் துணி தைக்கிற நாளில் மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் துவாயும் வைத்துக்கொள்கிறேன். எங்கள் வியர்வைக்கு அரை மணி நேரமே அதிகம்.

ஒரு யோசனை: தூய வெள்ளையை விட, பாலில் ஒரு சொட்டு மஞ்சள் விட்டது போன்ற வெள்ளை எங்கள் தோலுக்கு நன்றாக இருக்கும். லேஸ் வேண்டும் என்றால் காலி, வெலிகம பக்கம் கையால் பின்னுகிற பீரலு லேஸைத் தேடிப் பாருங்கள். கழுத்துக்கும் கை விளிம்புக்கும் மட்டும் வாங்கினால் போதும்.

நாங்கள் முஸ்லிம்கள். எங்களுக்கு மூடித்தான் ஆக வேண்டும். உயர்தர பேஷனில் எங்களுக்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது, வளர்ந்தும் வருகிறது. 2016 ஜனவரியில் டொல்சே அன்ட் கபானா என்ற இத்தாலிய நிறுவனம் அபாயாவும் ஹிஜாபும் சேர்ந்த தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அதே வருடம் இஸ்தான்புல்லில் அடக்க உடைக்கென்றே ஒரு பேஷன் வாரம் நடந்தது. 2018இல் சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகம் முஸ்லிம் பெண்களின் இன்றைய உடைகளைக் காட்சிக்கு வைத்தது.

1990 ஒக்டோபரில் இங்கிருந்து வெளியேற்றப்பட்டு, போர் முடிந்த பிறகு சோனகதெருவுக்குத் திரும்பி வந்த குடும்பங்களில் இருந்து என்னிடம் தைக்க வருகிறார்கள். அவர்களிடம் நான் படித்தது நிறைய. கறுப்பு அபாயாவில் கறுப்பு நூலால் கை ஓரத்தில் செய்த பூ வேலை, கிட்டப் போனால்தான் தெரியும். அந்த அமைதியான வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். இந்துக் கலியாணச் சட்டைகளிலும் இப்போது அப்படித் துணியின் நிறத்திலேயே நூல் போட்டுச் செய்கிறேன். ஹிஜாப் போடுகிறவர்கள் கழுத்தில் கொலர் வைக்க வேண்டாம், இரண்டும் மோதும்.

சாமத்தியவீட்டுக்குப் பிள்ளைக்கு மணப்பெண் போல் ஒரு கவுண் வேண்டும்.

அவளுக்கு வயது 12 அல்லது 13. மணப்பெண் போல் நான் தைத்துத் தர மாட்டேன், மன்னியுங்கள். பாவாடை தாவணி, அல்லது பூப் போட்ட ஓர்கன்சாவில் முழங்கைக் கையும் கணுக்கால் நீளமும் உள்ள சட்டை, இடுப்பில் அகல நாடா. அந்த வயதில் உடம்பு மாறுவது பிள்ளைக்கே கூச்சமாக இருக்கும். அவள் ஒளியவும் வேண்டாம், காட்டவும் வேண்டாம், சேர்ந்த பிள்ளைகளோடு ஓடித் திரிய வேண்டும். பக்கத் தையலில் ஓர் அங்குலம் கூடவே விட்டு வைப்பேன், அடுத்த தீபாவளிக்கும் போடலாம்.

என் நிறத்துக்கு மங்கலான நிறங்கள் எடுபடாது என்கிறார்கள். கறுப்பான பிள்ளைக்கு ரோசாப்பூ நிறம் உதவுமா?

யார் சொன்னது? மேடைகளில் நீங்கள் பார்க்கிற சாம்பல் ரோசா, வெளிறிய நீலம் எல்லாம் எங்கள் தோலில்தான் ஒளி விடும், முகத்தில் மாவைப் பூசி வெளுக்க வைக்காவிட்டால். கழுத்துக்கும் முகத்துக்கும் இரண்டு நிறம் இருந்தால் எந்த உடுப்பும் தோற்றுவிடும். துணியைக் கன்னத்தில் வைத்து, கடை விளக்கில் இல்லாமல் வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள்.

சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வலன்ரீனோவின் சிவப்பு உலகப் பிரசித்தம். சிவப்புக்கு எங்கள் மண்ணும் ஒரு காலத்தில் பேர்பெற்றது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணல் நிலத்தில் சாயவேர் கிண்டி எடுத்தார்கள். துணிக்குச் சிவப்பு ஏற்றுகிற வேர் அது. ஒல்லாந்தர் அதைத் தங்கள் தனியுரிமையாக வைத்திருந்தார்கள். அந்தச் சாயத்தின் சிவப்பு இரத்தச் சிவப்பாக இருக்காது, சற்று மண் கலந்து இருக்கும். அரக்குக்கும் செங்கல்லுக்கும் இடையில் ஒரு நிறம் கண்டால் வாங்கிவிடுங்கள், எங்கள் ஆட்களில் அது ஒத்துவராத ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

ரொறன்ரோவில் இருந்து அளவு அனுப்பினால் தைத்துத் தருவீர்களா?

தருவேன். ஆனால் முதலில் மலிவான வெள்ளைப் பருத்தியில் ஒன்று தைத்து அனுப்புவேன். அதைப் போட்டு முன், பின், பக்கம், இருந்தபடி என்று நாலு படம் அனுப்ப வேண்டும். பெரிய தையற்கூடங்களிலும் நல்ல துணியில் கை வைக்கமுன் இப்படித்தான் பார்ப்பார்கள். இரண்டு மாதமாவது வேண்டும்.

முதல் தரம் வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

அன்று போடப் போகிற செருப்பு, உள்ளாடை, நகை. செருப்பின் குதி உயரம் தெரியாமல் பாவாடை நீளம் வெட்ட முடியாது. பிடித்த படம் ஒன்று போதும், ஐம்பது வேண்டாம். அதோடு, நீங்கள் அடிக்கடி எடுத்துப் போடுகிற பழைய சட்டை ஒன்று, சாயம் போயிருந்தாலும் பரவாயில்லை. அதை மேசையில் விரித்துத் தோளையும் கைக்குழியையும் அளந்து பார்த்தால், உங்களுக்கு எது வசதி என்று எனக்குத் தெரிந்துவிடும். பின்னேரம் 3 மணிக்குப் பிறகு வாருங்கள், அந்த நேரம் முன்னறையில் வெளிச்சம் நன்றாக விழும்.